கார் அறுத்தான், பெரோவ்ஸ்கைட் பூசினான்

‘கார் அறுத்தான்’ என்றால் அறுத்தது மழையை அல்ல, நெல்லை. கருமையைக் குறித்த சொல் மேகத்துக்கு ஆகி, மேகத்திலிருந்து மழைப் பருவத்துக்கு ஆகி, அங்கிருந்து அப்பருவத்துப் பயிருக்கும் ஆனது. இதை மும்மடியாகுபெயர் என்பார்கள். ஒளியுணரி ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் ‘பெரோவ்ஸ்கைட்’ என்ற சொல்லின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பெரோவோ என்றொரு ஊர். ரஸுமோவ்ஸ்கி குடும்பத்தின் பண்ணை. அக்குடும்பத்துப் பிரபு ஒருவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் தந்தையின் குடும்பப் பெயரைப் பெறவில்லை. ஊர்ப்பெயரால் பெரோவ்ஸ்கி ஆனார்கள். அவர்களில் ஒருவர் லெவ் பெரோவ்ஸ்கி. கனிமங்கள் மீது பெரும் பற்றுக் கொண்டவர். பின்னாளில் ரஷ்யாவின் உள்துறை அமைச்சர். 1839இல் யூரல் மலையில் கிடைத்த கரும்பழுப்புப் படிகத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்டாவ் ரோஸ், அதற்கு இவர் பெயரைச் சூட்டினார்.

அந்தக் கல்லில் ஒவ்வொரு டைட்டானியத்தையும் சுற்றி ஆறு ஆக்சிஜன். அந்தக் கூடுகளுக்கு இடையே கால்சியம். இதே அடுக்கு வேறு பொருள்களிலும் தென்படவே, கல்லின் பெயர் அடுக்குக்கு ஆனது. 1978இல் டீட்டர் வெபர் கால்சியத்தின் இடத்தில் மெத்தில் அம்மோனியம் என்ற கரிம அயனியையும், டைட்டானியத்தின் இடத்தில் ஈயத்தையும், ஆக்சிஜனின் இடத்தில் அயோடினையும் வைத்துக் கலப்பினப் பெரோவ்ஸ்கைட்டை ஆக்கினார். யூரல் கல்லின் தனிமம் ஒன்றுகூட அதில் இல்லை. பெயர் மட்டும் கூடவே வந்தது.

இந்தப் பொருள் உருவாவதே ஓர் அழகு. சுழலும் கண்ணாடித் தகட்டில் மஞ்சள் கரைசலைப் பூசி, 100 டிகிரிச் சூட்டில் வைத்தால் கரும்பழுப்பாகிவிடும். அந்தப் படலம் ஒளியை வாங்கி மின்சாரமாக்கும். ஆனால் சுமார் 800 நானோமீட்டரோடு அதன் பார்வை முடிந்துவிடுகிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அகச்சிவப்பு ஒளியோ 940 நானோமீட்டரை ஒட்டியது. ஈயத்தில் பாதியை எடுத்துவிட்டு வெள்ளீயம் சேர்த்தால் 1000 வரை எட்டலாம். வெள்ளீயமோ காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமாகிக் கெடும். அதைக் காப்பதுதான் இத்துறையினரின் பெரும்பாடு.

ஊர்ப்பெயர் ஆள்பெயராகிக் கற்பெயரானபோது விகுதிகள் ஏறின. ஆகவே அது முழு ஆகுபெயர் அல்ல. கல்லிலிருந்து அடுக்குக்கும், அடுக்கிலிருந்து படலத்துக்கும் தாவியதோ ஐயமில்லாமல் ஆகுபெயர். ‘கார்’ நடத்தும் தமிழாசிரியர்கள் இதையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக்காட்டுங்கள்.