டி.பி. வார்டில் ஒரு நடனம்

1952. நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவு, ஸீ வியூ மருத்துவமனை. அங்கிருந்த காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்று ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். (இதைச் செய்ய உதவிய ஹைட்ரசீன், உலகப்போரில் ஜெர்மன் ராக்கெட்டுக்குப் போட்ட எரிபொருள். மிச்சம் மீதியை வீணாக்காத புத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது!) நுரையீரல் தேறியது சரி. கூடவே, சாகப்போகிறோம் என்று படுத்துக் கிடந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், இன்னொரு தட்டு சோறு கேட்டார்கள், வார்டிலேயே ஆடினார்கள். பத்திரிகைகளில் போட்டோகூட வந்தது. டாக்டர்களோ அதைப் பக்கவிளைவுக் கணக்கில் எழுதி வைத்துவிட்டார்கள்.

நாதன் க்ளைன் என்ற மனநல மருத்துவர் 1957ல் இதையே மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். கல்லீரலைக் கெடுக்கிறது என்று 1961ல் அமெரிக்காவில் நிறுத்திவிட்டாலும், மனச்சோர்வுக்கும் மாத்திரை உண்டு என்பது அதற்குள் நிலைத்துவிட்டது.

இதற்கு முன்பே, 1948ல், மேயோ க்ளினிக்கில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார் பிலிப் ஹென்ச். முடங்கிக் கிடந்த அந்தப் பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950ல் நோபல் பரிசு. நெருக்கடி வரும்போது நம் அட்ரினல் சுரப்பி விடும் கார்ட்டிசாலின் உறவுக்காரன்தான் இது. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும், அதனால் வீக்கம் வடியும். ஆனால் சிலருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், சிலருக்குத் தாங்க முடியாத சோகம். ஊரில் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் அப்பா திடீரென்று எரிந்து விழுந்தால், வயசாச்சு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது ஆபத்து.

எதிர்ப்பு சக்தியைத் தூண்டினாலும் மனசு தப்பவில்லை. தோல் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் போட்டுக்கொண்டவர்களை வைத்து 2001ல் ஓர் ஆய்வு வெளியானது. ஊசிக்கு முன்பிருந்தே சிலருக்குப் பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்களில் 45 சதவீதம் பேர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 11 சதவீதம்தான். மொத்தமே 40 பேர், சின்னக் கணக்கு. இருந்தாலும் 'மனசைத் தைரியமா வெச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்' என்று போனில் சொல்லும் நம் சொந்தக்காரர்களிடம் இதை எடுத்துச் சொல்லத் தோன்றுகிறது. அந்த 45 சதவீதத்துக்குத் தைரியமா குறைவு? புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.