லிபெட் சோதனை

தன்விருப்பம் பற்றிய பழைய தத்துவ வழக்கை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த நரம்பியல் சோதனை. அமெரிக்காவின் பெஞ்சமின் லிபெட் குழுவினர் 1983-இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். பங்கேற்றோர் தங்களுக்குத் தோன்றியபோது கையை அசைத்து, அந்த எண்ணம் எழுந்த கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளியின் இடத்தைக்கொண்டு குறித்தனர். அசைவுக்குச் சுமார் 550 மில்லிவிநாடி முன்பே மூளையில் ‘ஆயத்த மின்னழுத்தம்’ எழத் தொடங்கியது. எண்ணம் உணரப்பட்டதோ சுமார் 200 மில்லிவிநாடி முன்புதான்.

மூளை முன்பே தீர்மானித்துவிடுகிறது, ஆகவே தன்விருப்பம் மாயை என்று இதிலிருந்து பலர் முடிவுகட்டினர். அது அவசர முடிவு. அந்த மின்னழுத்தம்தான் தீர்மானம் என்பதற்குச் சோதனையில் சான்றில்லை. மூளையின் இயல்பான ஏற்ற இறக்கங்களை அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தாலே அத்தகைய மெல்லேற்றம் தெரியும் என்று 2012-இல் ஆரோன் ஷுர்கர் குழு காட்டியது. அசையப்போவது இடக்கையா வலக்கையா என்பதைப் பல விநாடிகள் முன்பே மூளைப் படங்களிலிருந்து கணித்த 2008-ஆம் ஆண்டு ஆய்வை மறுதரப்பினர் எடுத்துக்காட்டுவர். ஆனால் அக்கணிப்பு ஏறக்குறைய 60 விழுக்காடே சரியானது. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். அது ஒரு சாய்வைக் காட்டலாம், முடிவையல்ல. தவிர, காரணமே தேவைப்படாத கையசைவை வைத்து, நாள்கணக்கில் எண்ணிச் செய்யும் செயல்களுக்குத் தீர்ப்பெழுத முடியாது. லிபெட்டே தன்விருப்பத்தை மறுக்கவில்லை. எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் நனவுக்கு உண்டு என்றே அவர் வாதிட்டார்.