உவகை என்னும் பழஞ்சொல்

இன்று எவரும் வீட்டில் 'உவகை' என்று சொல்வதில்லை. பேச்சில் 'சந்தோஷம்', அழைப்பிதழில் 'மகிழ்ச்சி'. 'உவ' என்னும் அடியிற் பிறந்த இச்சொல்லுக்கோ தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஓரிடம் தந்தார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். புலன் என்பதற்குக் கல்வியால் வரும் அறிவுடைமை என்பது உரைமரபு. அல்லல் நீங்கிய உவகை என்றும் அவர் அடை கொடுத்திருத்தலால், பிறர் துன்பத்திற் பிறக்கும் களிப்புக்கு இப்பெயர் பொருந்தாது எனக் கொள்ள இடமுண்டு.

புறப்பாடல்களில் 'உவகைக் கலுழ்ச்சி' என்றொரு துறை உண்டு. உவகையால் அழுதல் என்பது பொருள். புறநானூற்று 278ஆம் பாடலில், போரிற் புறங்கொடாது மடிந்த மகனின் சிதைந்த உடலைக் களத்திற் கண்ட முதியதாய், அவனைப் பெற்ற நாளினும் மிகுதியாக உவந்தாள். நெஞ்சை நடுங்கவைக்கும் உவகை அது. அதே தாயின் உவகையை, பெற்ற பொழுதோடு ஒப்பிடும் அதே முறையில், திருக்குறளும் பேசுகிறது (குறள் 69). ஆனால் அங்குக் களமில்லை, பிணமில்லை. மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டலே காரணம். புறப்பாடல்களில் வீரனையும் குறித்த 'சான்றோன்', குறளில் குணநிறைவு உடையவனைக் குறிப்பதாயிற்று. கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த நூல், தாயின் உவகையைக் கொலைக்களத்திலிருந்து மீட்டது எனலாம்.

துறவைப் போற்றிய சமணம் உவகையை வெறுத்தது என்பார் உளர். அவர்கள் நன்னூலைப் புரட்டிப் பார்த்தல் நலம். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட அந்நூலை இயற்றிய பவணந்தியார் சமண முனிவர். திணையும் பாலும் மயங்குதல் வழு என வரையறுத்த அவரே, உவப்பு முதலிய காரணங்களால் அவை மயங்கினும் இயல்பே என்று விலக்களித்தார். ஒருவன் தன் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பதும், தன் புதல்வனையே அவ்வாறு அழைப்பதும் உரைகள் காட்டும் எடுத்துக்காட்டுகள். முன்னது திணை வழுவமைதி, பின்னது பால் வழுவமைதி. பள்ளி விட்டு ஓடிவரும் மகளைத் தாய் 'வாடா கண்ணா' என்று இன்றும் அழைக்கிறாள்.