ஐக்கியத்தின் அளவு



ஆதித் திருச்சபையார் தங்கள் உடைமைகளைப் பொதுவாக்கி வாழ்ந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதைத் தங்களுக்கும் உரிய கட்டளையாகவே ஏற்றுக்கொண்ட ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை இவ்வாரம் தியானிப்போம்.

1528ஆம் ஆண்டு மொராவியாவின் நிக்கோல்ஸ்பர்க் நகரைவிட்டு வெளியேறிய அனபாப்திஸ்துகள் சுமார் 200 பேர், வழியில் ஒரு மேலங்கியைத் தரையில் விரித்து, தங்களிடம் இருந்த பொருளையெல்லாம் அதன்மேல் வைத்தார்கள். பின்னர் அவர்களை வழிநடத்திய யாக்கோப் ஹட்டர் தொப்பி செய்யும் தொழிலாளி. 1536இல் இன்ஸ்புருக் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் பெயராலேயே அம்மக்கள் ஹட்டரைட் என்று அழைக்கப்பட்டனர். தேசம் தேசமாய்த் துரத்தப்பட்டு, டிரான்சில்வேனியாவிலும் உக்ரைனிலும் தங்கி, 1874 முதல் 1879 வரை அமெரிக்காவின் டகோட்டா சமவெளிக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பலர் தனி நிலம் தேடிக்கொள்ள, சுமார் 400 பேர் மட்டும் மூன்று குடியிருப்புகளில் பொதுவுடைமை வாழ்வைத் தொடர்ந்தார்கள். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அவர்களுடைய குடியிருப்புகள் ஏறத்தாழ 500.

அவர்கள் பெருகிய விதமே நம் தியானத்துக்குரியது. ஒரு குடியிருப்பில் ஏறக்குறைய பதினைந்து குடும்பங்கள் வாழும். நிலம் பொது, சமையல் பொது, பந்தியும் பொது. தொகை 120ஐத் தாண்டி 150ஐ நெருங்கும்போது அக்குடியிருப்பு இரண்டாகப் பிரிகிறது. அளவு மீறினால் நேர்வதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். பொறுப்பான வேலைகள் எல்லாருக்கும் கிட்டுவதில்லை, வாலிபர் சோம்பியிருப்பர். உறவினர் உறவினரோடு சேர்ந்து கட்சிகள் உருவாகும். தவறினவனை ஒரு சகோதரனின் பார்வையே திருத்திய நிலை மாறி, சட்டமும் காவலும் தேவைப்படும். ஒரு மனிதன் உள்ளபடி அறிந்து உறவாடக்கூடியவர் சுமார் 150 பேரே என்று ஆய்வாளர் ராபின் டன்பார் 1990களில் எழுதினார். கலப்பை பிடித்த இம்மக்கள் அதை அதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்து கண்டிருந்தார்கள்.

பிரிவு திடீரென்று வருவதன்று. பல ஆண்டுகள் சேமித்துப் புதிய நிலம் வாங்கி, வீடுகளையும் தொழுவங்களையும் கட்டுகிறார்கள். குடும்பங்கள் இரு பட்டியல்களாக வகுக்கப்படும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு போதகர். பல குடியிருப்புகளின் வழக்கப்படி இரு பட்டியலாரும் தங்கள் பொருள்களைக் கட்டி ஆயத்தமாகிறார்கள். அதன்பின் ஜெபித்துச் சீட்டுப் போடுகிறார்கள். போவது யார், இருப்பது யார் என்பது அப்போதுதான் தெரியும். இதனால் ஒருவரும் தள்ளிவிடப்பட்டவராவதில்லை. தாய்க் குடியிருப்பின் பொருளில் புதியதற்கும் பங்கு உண்டு. ஆயினும் நேற்றுவரை ஒரே பந்தியில் அமர்ந்த அண்ணனும் தம்பியும் அன்று விடைபெறுகிறார்கள். நெருக்கத்தைக் காத்துக்கொள்ள அவர்கள் செலுத்தும் விலை அது.

என் ஊழியத்தின் தொடக்க நாள்களில் எங்கள் சபை விரைவாய் வளர்ந்தது. இருக்கைகள் போதாமல் போனதில் நான் மகிழ்ந்தேன். அந்நாள்களில் முதிய தாயார் ஒருவர் மூன்று ஞாயிறுகள் ஆராதனைக்கு வரவில்லை. அவர் படுக்கையில் இருப்பதை நான்காம் வாரத்தில் பிறர் சொல்லியே அறிந்தேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, இவ்வளவு கூட்டத்தில் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

பிரியமானவர்களே, சபைகள் பிரிவதை நாமும் கண்டிருக்கிறோம்; பெரும்பாலும் கசப்பில், சில வேளை நீதிமன்ற வாசலில். அன்பின் நிமித்தம் பிரியவும் கூடும் என்பதை இம்மக்கள் காட்டுகிறார்கள். தொகை பெருகுவது ஆசீர்வாதமே. ஆனால் வராதவரின் இடம் வெறுமையாயிருப்பதை ஒருவரும் உணராத கூட்டத்தை ஐக்கியம் என்று எப்படி அழைப்போம்? சிறு ஜெபக்குழுக்களாய், வீட்டுக்கூடுகைகளாய் நம்மைப் பகிர்ந்துகொள்ள ஆயத்தமா? நமக்குப் பிரியமானவர்களை வேறொரு பந்திக்கு மனமுவந்து அனுப்பிவைப்போமா?

இவ்வாரம், நெடுநாளாய்க் காணாத ஒருவரின் வாசலுக்குச் சென்று, அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள்.

ஜெபம்: பெயர் சொல்லி எங்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, ஒருவரையொருவர் அறியும் அன்பையும், தேவையான வேளையில் அனுப்பிவைக்கும் மனதையும் எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.