பச்சையில் நுழைந்தவரின் பொறுப்பு: சிக்னல் சந்திப்பு மோதல்களில் கவனக்குறைவைத் தீர்மானித்தல்

சிக்னல் சந்திப்பில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், தமக்குப் பச்சை விழுந்த பிறகே நுழைந்ததாக இரண்டு ஓட்டுநர்களும் சாட்சி சொல்வது வழக்கம். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு விசாரணை உடனே தாவிவிடுகிறது. அது அவசரம். அகலமான சந்திப்பில் பச்சை முடியும் தறுவாயில் ஒருவர் நுழைந்து, அவர் கடந்து முடிப்பதற்குள் குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்து மற்றவரும் நுழைந்திருந்தால் இருவர் சொல்வதும் உண்மையே. விளக்கின் நிறம் விசாரணையின் தொடக்கம் மட்டுமே; கவனக்குறைவைக் காலத்தையும் தூரத்தையும் கொண்டே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் தீங்கியல் கோட்பாடுகள் பெரிதும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே இரண்டு தீர்ப்புகள் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோலத் தோன்றும். ஜோசப் ஈவா எதிர் ரீவ்ஸ் (1938) வழக்கில், பச்சையில் செல்பவர் பிறர் சிவப்பை மீறி வருவார்கள் என்று எதிர்பார்த்து ஓட்ட வேண்டியதில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ராட்பர்ன் எதிர் கெம்ப் (1971) வழக்கில், முறையாக நுழைந்து இன்னும் சந்திப்புக்குள்ளேயே இருந்த சைக்கிள்காரரை, பிறகு பச்சையில் வந்த கார் மோதியது. பச்சை என்பது தட்டிக்கேட்க முடியாத உரிமை ஆகாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைக் கவனிக்கும் கடமை பச்சையில் வருபவருக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் கூறியது. முதல் தீர்ப்பைப் படிக்கும்போது அது பிறந்த காலத்தை மறக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரிடமும் தவறு இருந்தால் இழப்பீட்டை விகிதப்படி குறைக்க வழிசெய்த சட்டம் 1945இல்தான் வந்தது. அதற்கு முன் அவருடைய தவறு நிரூபிக்கப்பட்டால் கோரிக்கை முழுவதுமே விழுந்துவிடக்கூடும். அந்த நெருக்கடியில் பச்சையில் வந்தவர்மீது கடமையை ஏற்றத் தயங்கியது இயல்பே என்பது என் கருத்து. ஆகவே 1938இன் விதியை ‘எதிர்பார்க்க வேண்டியதில்லை’ என்ற அளவிலேயே நிறுத்த வேண்டும். ‘பார்க்க வேண்டியதில்லை’ என்று நீட்டக் கூடாது. சைரன் ஒலித்துச் சிவப்பில் வந்த ஆம்புலன்ஸுடன் மோதிய வழக்கொன்றில் (1998), பச்சையில் வந்தவர்மீதே 60 விழுக்காடு பொறுப்பு வைக்கப்பட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். மஞ்சள் விளக்கு 3 நொடி எரிகிறது என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த நேரத்தில் 50 மீட்டர் கடக்கும். அதே கார், ஓட்டுநர் சுதாரிக்க 1 நொடி எடுத்து, நொடிக்கு 3 மீட்டர்/நொடி வீதம் இதமாக வேகத்தைக் குறைத்தால், நிற்பதற்கு ஏறத்தாழ 63 மீட்டர் தேவை. நிறுத்தக் கோட்டிலிருந்து 50 முதல் 63 மீட்டருக்குள் மஞ்சளைப் பார்ப்பவர் சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டவும் முடியாது, இதமாக நிற்கவும் முடியாது. 1960இல் காசிஸ், ஹெர்மன், மாரதூதின் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் விவரித்த சிக்கல் இதுதான். வேகத்தை 40 கி.மீ. ஆக்கிப் பார்த்தால் நிற்கும் தூரம் 32 மீட்டர். 3 நொடியில் கடப்பது 33 மீட்டர். சிக்கலே மறைந்துவிடுகிறது. ‘பிரேக் பிடிக்க நேரமில்லை’ என்பவரின் வாதம் அவருடைய வேகத்தில்தான் நிற்கும் அல்லது விழும். அந்தச் சாலையில் 60 கி.மீ. அனுமதிக்கப்பட்டிருந்தால், மஞ்சளின் நேரத்தை நிர்ணயித்த அமைப்பையும் பதில் சொல்ல அழைக்க வேண்டும்.

மறுபக்கக் கணக்கு இதைவிட முக்கியமானது. குறுக்குச் சாலையில் நின்றிருந்த கார் பச்சை விழுந்ததும் கிளம்பி, நொடிக்கு 1.5 மீட்டர்/நொடி வீதம் வேகமெடுத்து, 10 மீட்டர் தள்ளியுள்ள மோதல் புள்ளியை அடைய 3.6 நொடிக்குமேல் ஆகும். சிவப்பில் வந்தவருக்குத் தம் கோட்டிலிருந்து மோதல் புள்ளி 15 மீட்டர் என்றால், 60 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 0.9 நொடி போதும். இவ்விருவரும் மோதினால், சிவப்பு விழுந்து ஏறக்குறைய 2.7 நொடி கழித்தே அவர் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் சிவப்பு காட்டும் இடைவெளி இருந்தால் இன்னும் தாமதமாக. மஞ்சளில் சிக்கிக்கொண்டேன் என்று அவர் சொல்ல இடமே இல்லை. மாறாக, பச்சையில் வந்தவர் நிற்காமல், விளக்கு மாறிய கணத்தில் பாய்ந்து நுழைந்தவரானால் கதை வேறு: சந்திப்பு காலியாகிவிட்டதா என்று பார்க்கும் கடமையை அவர் கைவிட்டிருக்கலாம்.

இந்தியச் சட்டம் இந்த ஆய்வுக்கு இடமளிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் 2019இல் சேர்த்த விளக்கம் சிவப்பை மீறுவதைக் குறிப்பிட்டே சொல்கிறது. 1989இன் சாலை ஒழுங்குமுறைகளோ, பிறருக்கு ஆபத்தின்றி நுழையலாம் என்று அறிந்த பிறகே சந்திப்புக்குள் செல்ல வேண்டும் என்று எல்லா ஓட்டுநர்களையும் பணித்தன. விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயத்தில் ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை, நிகழ்தகவின் மேலோங்கலே போதும் என்பது 2009 முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆனால் அந்தத் தளர்வு ஊகத்துக்கு உரிமம் தரவில்லை. 2013இல் ஒரு கேரள வழக்கில், சம்பவ இடத்தைப் பற்றிக் காவல்துறை எழுதும் மகஜரில் கண்ட வாகனங்களின் இறுதி நிலையை மட்டும் வைத்து ஓட்டிய விதத்தை முடிவுசெய்ய முடியாது என்று அதே நீதிமன்றம் எச்சரித்தது. ‘சந்திப்பு என்பதால் இருவருக்கும் பங்கு’ என்று காரணம் கூறாமல் இழப்பீட்டைக் குறைக்கும் தீர்ப்புகள் இந்த எச்சரிக்கைக்கு முரணானவை. பங்களிப்புக் கவனக்குறைவைச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். காரில் பயணியாக வந்தவருக்கு இந்தச் சச்சரவே பொருட்டன்று. இரு ஓட்டுநர்களும் தவறியிருந்தால் எவரிடமிருந்தும் முழுத் தொகையை அவர் பெறலாம் என்பது 2015இல் உறுதியாயிற்று.

இத்தனைக்கும் வேண்டிய சான்று எளியது: அந்தச் சந்திப்பின் சிக்னல் நேர அட்டவணை, கோடுகளிலிருந்து மோதல் புள்ளிக்கு அளந்த தூரம், அழிந்துபோகுமுன் எடுத்துவைத்த கண்காணிப்புக் கேமரா பதிவு. 2022இன் மத்திய விதிகளின்படி காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அளிக்கும் விரிவான விபத்து அறிக்கையோடு இம்மூன்றையும் இணைக்க வேண்டும். அவை வராத வழக்குகளில், பொறுப்பைப் பங்கிடுவதற்கு முன் தீர்ப்பாயமே அவற்றை வரவழைக்க வேண்டும்.