'வேக்': விழித்திருந்தது யார்?

1999-இல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. 1500-களில் இங்கிலாந்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சுவையாகச் சொல்லும் கடிதம். ஈயக் கோப்பையில் மது குடித்தவர்கள் சில நாள் நினைவிழந்து கிடப்பார்களாம். உயிர் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் வீட்டார் அவர்களை மேசையில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து, தின்றும் குடித்தும் காத்திருப்பார்களாம், எழுந்தாலும் எழலாம் என்று. இழவு வீட்டில் கழியும் இரவுக்கு ஆங்கிலத்தில் 'வேக்' என்று பெயர் வந்தது அதனால்தானாம்.

கதை ஜோர்தான். சொல்லின் வரலாறு மட்டும் தலைகீழாகிவிட்டது. விழித்திருக்க வேண்டியது கிடத்தப்பட்டவர் அல்ல, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. 'வாகன்' என்றால் எழுதல், தோன்றுதல். பிறத்தல் என்றும் பொருள் உண்டு. 'வாகியன்' என்றால் தூங்காமல் இருத்தல், காவல் காத்தல். இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து 'வேக்' ஆயின. வேக், வேக்கன், அவேக், அவேக்கன் என்று நான்கை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படிப்பவர்களைப் படுத்தும் பாட்டில் இந்தக் கலப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று அலாரம் அடித்ததும் கண் திறப்பதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள் போலத் தெரிகிறது. ஆனால் அதன் வம்சத்தைத் தேடிப் போனால் எங்கு பார்த்தாலும் காவல்காரர்கள்தான் நிற்கிறார்கள்.

பிணத்துக்குக் காவல் ஒன்று. அயர்லாந்தில் அது ஒரு கலையாகவே வளர்ந்தது. கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள், வருகிறவர்களுக்குக் களிமண் குழாயில் புகையிலை, மூக்குப்பொடி, சாராயம், விடிய விடியக் கதை, விளையாட்டு. கூத்து அளவுமீறுகிறது என்று திருச்சபை தடைமேல் தடை போட்டது, யாரும் கேட்கவில்லை. ஒரு வேடிக்கைப் பாட்டில், சிந்திய விஸ்கி மேலே பட்டதும் செத்தவனே எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். அந்தப் பாட்டின் தலைப்பில் இருந்த ஒற்றைக்குறியை எடுத்துவிட்டு ஜேம்ஸ் ஜாய்ஸ் 1939-இல் தன் நாவலுக்குப் பெயராக வைத்தார்: 'ஃபினெகன்ஸ் வேக்'. குறி போனதும் இழவு இரவு என்றும் படிக்கலாம், ஃபினெகன்கள் எழுகிறார்கள் என்றும் படிக்கலாம்.

இன்னொன்று கோயில் காவல். ஊர்த் தேவாலயத்தின் புனிதர் திருநாளுக்கு முந்தின இரவு மக்கள் கூடி விழித்திருந்து வேண்டுவார்கள். அதற்கும் 'வேக்' என்றே பெயர். வேண்டுதல் மெல்லத் தேய்ந்தது, திருவிழா கொழுத்தது. நெசவாலைகள் வந்தபின் இங்கிலாந்தின் லங்காஷயர் ஊர்களில் இது ஆண்டு விடுமுறையாகவே மாறியது. 'வேக்ஸ் வாரம்' வந்தால் ஊரின் ஆலைகள் மொத்தமாக மூடப்படும்; கொதிகலன்களைப் பழுதுபார்க்க அதுதான் சமயம். ஓர் ஊர் இந்த வாரம், பக்கத்து ஊர் அடுத்த வாரம். ஊரே ரயில் ஏறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். வெகுகாலம் இதற்குச் சம்பளம் கிடையாது. ஆண்டு முழுக்கச் சங்கம் சேர்த்து வாராவாரம் சில்லறை கட்டிவைத்த பணத்தில்தான் பயணம். அங்கே மணலில் படுத்துத் தூங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாரத்தின் பெயர் தூங்காமையைக் குறிக்கிறது என்று தோன்றியிருக்கும்?

'வாட்ச்' இதன் உடன்பிறப்பு. நம் அடுக்குமாடி வாசலில் நிற்கும் வாட்ச்மேன் பழைய பொருளை அப்படியே சுமக்கிறார். கைக்கடிகாரத்துக்கு அந்தப் பெயர் வந்த வழி சுற்றுவழி: 15-ஆம் நூற்றாண்டில் அது தூங்குகிறவரை எழுப்பும் மணிக்கருவி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் சட்டைப்பையில் அடங்கும் கடிகாரம். கப்பலில் 'வாட்ச்' என்றால் காவல் முறை, ஒவ்வொன்றும் நான்கு மணிநேரம். அப்படியே விட்டால் ஒரு நாளைக்கு ஆறு முறை வரும். மாலுமிகள் இரண்டு அணியாகப் பிரிந்து மாறி மாறி நிற்கும்போது நள்ளிரவு முதல் நான்கு மணிவரையிலான பாழும் முறை தினமும் ஒரே அணியின் தலையில் விழும். அதனால் மாலை நான்கு முதல் எட்டு வரையிலானதை மட்டும் இரண்டாக வெட்டி ஏழாக்கினார்கள். அந்த அரைமுறைகளுக்கு 'நாய் வாட்ச்' என்று பெயர். நாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எதையும் நம்பத் தோன்றவில்லை.

ஜெர்மானிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போய்ச் சற்றே உருமாறித் திரும்பி வந்தது 'வெயிட்'. முதலில் அதற்குக் கண்காணித்தல், பதுங்கிப் பார்த்திருத்தல் என்றே பொருள்; சும்மா காத்திருப்பது பிறகு வந்தது. 'வெயிட்டர்' ஒருகாலத்தில் காவல்காரர். நகர இரவுக் காவலர்கள் குழலூதி நேரம் சொல்லி, பிறகு நகரசபைச் சம்பளம் வாங்கும் இசைக்குழுவாகவே ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு 'வெயிட்ஸ்' என்று பெயர். 1835-இல் வந்த நகராட்சிச் சட்டம் அந்த வேலையை ஒழித்தது.

லத்தீனில் இதே வேரின் கிளை 'விஜில்'. தேர்வறையில் நம் முதுகுக்குப் பின்னால் நடக்கும் இன்விஜிலேட்டரும், சர்வைலன்ஸ் கேமராவும் அந்த வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சு வழியாகப் படைவீரர்களை எழுப்பும் 'ரெவெய்ல்' எக்காளமும் அங்கிருந்துதான். வேரின் ஆதிப்பொருள் வலுவோடு, உயிர்ப்போடு இருத்தல். 'வெஜிடபிள்' கூட அதில் முளைத்ததுதான்: துளிர்த்து வளரும் ஆற்றலுள்ளது என்று பொருள். உணர்வற்றுக் கிடக்கும் நோயாளியை ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிப்பது கொடுமையான முரண்.

எதிர்ப்பக்கம் 'ஸ்லீப்'புக்கு இத்தனை கதை கிடையாது. ஜெர்மனில் தளர்ந்தது, தொய்ந்தது என்று பொருள்படும் 'ஷ்லாஃப்' அதன் உறவு. கட்டு தளர்வதே தூக்கம்.

கடைசியாகப் பிறந்த பிள்ளை 'வோக்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் வளர்ந்தது. 1931-இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பினச் சிறுவர்கள்மீது பொய்யாக வன்புணர்வுக் குற்றம் சாட்டப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் பற்றிப் பாடகர் லெட் பெல்லி 1938-இல் ஒலிப்பதிவு செய்த பாட்டின் முடிவில், அந்தப் பக்கம் போகிறவர்கள் விழித்திருங்கள் என்று எச்சரிக்கிறார். கொள்கை முழக்கம் அல்ல. கண்ணயர்ந்தால் உயிர் போகும் ஊரில் காவல் இரு என்ற அறிவுரை. பழைய 'வாகியன்'தான். 1962-இல் எழுத்தாளர் வில்லியம் மெல்வின் கெல்லி, கறுப்பினத்தவரின் சொற்களை வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டு பொருளை மாற்றிவிடுவதைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே 'வோக்' இருந்தது. 2017-இல் ஆக்ஸ்போர்டு அகராதி, சமூக அநீதிகளைக் குறித்து விழிப்போடு இருப்பவர் என்ற புதிய பொருளைச் சேர்த்தபோது அந்தத் தலைப்பையே சான்றாகக் காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க அரசியல் மேடைகளில் அது எதிராளியைத் திட்டும் வசைச்சொல்லாகிவிட்டது.