மரக் கிளைடர் கிட்டைத் தேர்ந்தெடுத்தல்: வரைபடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லை

ரேடியோவால் இயக்கும் மாதிரி கிளைடர்களில் இன்று பெரும்பாலானவை நுரையிலோ கார்பன் இழையிலோ அச்சில் வார்க்கப்பட்டு, பறக்கத் தயாராகவே கடைக்கு வருகின்றன. அவை இக்கட்டுரைக்கு வெளியே. பால்சா, ஸ்ப்ரூஸ், பிளைவுட் துண்டுகளை ஒட்டி, மேலே படலம் போர்த்தி, பல வாரத்து மாலைகளைக் கொடுத்துக் கட்டும் கிட்டே இதன் பொருள். அதிலும் ரப்பர் கயிற்றாலோ வின்ச்சாலோ மேலேற்றி, தெர்மல் எனப்படும் வெப்பக் காற்றின் எழுச்சியில் மிதக்கவிடும் வகை மட்டும். மலைச்சரிவுக் காற்றில் பறப்பவற்றுக்குக் கணக்கே வேறு.

வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியின் மேலுள்ள படத்தையும் இறக்கையின் நீளத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். முடிவெடுக்க வேண்டிய இடம் வரைபடம் என்பது என் நிலைப்பாடு. கிட் எப்படிப் பறக்கும், கட்டுவது எவ்வளவு கடினம், எந்த இடத்தில் முறியும் ஆகிய மூன்றும் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவருக்கு வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

2. கட்டுப்பாட்டு முறை

முதலில் பார்க்க வேண்டியது இறக்கையின் மடிப்பு. மரக் கிளைடர்களில் நெடுங்காலமாக நிலைத்திருப்பது ரடர், எலிவேட்டர் இரண்டை மட்டும் கொண்டு ஓட்டும் முறை. ஏலரான் இல்லாத விமானம் எப்படிச் சாய்ந்து திரும்பும்? ரடர் மூக்கை இடப்பக்கம் தள்ளும்போது வலது இறக்கை காற்றுக்கு முன்னே வருகிறது. இறக்கை மேல்நோக்கி மடிந்திருப்பதால் அந்தப் பக்கத்தில் காற்று மோதும் கோணம் கூடுகிறது; அது உயர்கிறது, விமானம் இடப்பக்கம் சாய்கிறது. நடுவிலும் நுனிப் பகுதிகளின் தொடக்கத்திலும் மடிக்கும் பாலிஹெட்ரல் அமைப்பு இதற்காகத்தான். மடிப்பு போதாத இறக்கையோடு ரடரை மட்டும் நம்பினால் விமானம் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, ஒழுங்காகத் திரும்பாது.

ஏலரான் வைத்த கிட்டில் இறக்கைக்குள் சர்வோ, கம்பி, கீல் என வேலை பெருகும். முதன்முதலாகக் கட்டுபவருக்கு அது வேண்டாம். ஆனால் ஸ்பாய்லர் வேண்டும். நன்றாக மிதக்கும் கிளைடர் தரையை நெருங்கினாலும் இறங்க மறுக்கும். உயரத்தைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு தூரம் சறுக்கிக்கொண்டே போய் வேலிக்கு அப்பால் விழும். பழைய கிட்டுகள் பலவற்றில் ஸ்பாய்லர் கிடையாது. வேண்டுமென்றால் படலம் போர்த்துவதற்கு முன்பே அதற்கான இடத்தை ஒதுக்க வேண்டும். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

3. அளவு

அமெரிக்கப் போட்டிப் பிரிவுகள் வகுத்த அளவுகள் மூன்று: 2 மீட்டர், 100 அங்குலம், அதற்கு மேல் எல்லையற்றது. லீ ரெனோ வடிவமைத்த ஒலிம்பிக் II-இன் இறக்கை 99.9 அங்குலமாக அமைந்தது அந்த 100 அங்குல வரம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்பதற்காக. டேவ் தார்ன்பர்கின் பேர்ட் ஆஃப் டைம் 3 மீட்டர். பெரிய கிளைடர் தொலைவில் தெளிவாகத் தெரியும், காற்றிலும் அமைதியாகப் பறக்கும். ஆனால் 3 மீட்டர் இறக்கையைக் கோணாமல் கட்ட அதற்கேற்ற சமமான மேசையும், கொண்டுபோக வண்டியும் வேண்டும். முதல் கிட்டுக்கு 2 மீட்டரே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

4. இறக்கை

4.1 பளு

கார்ல் கோல்ட்பெர்க் நிறுவனத்தின் ஜென்டில் லேடியை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் பிரிவில் தொடக்கக்காரர்களிடையே இதைப் போலப் பெயர் பெற்ற கிட்டுகள் குறைவு. இறக்கைப் பரப்பு 663 சதுர அங்குலம், ஏறத்தாழ 43 சதுர டெசிமீட்டர். கட்டி முடித்து 800 கிராம் வந்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 19 கிராம் பளு. ஆள் விரைந்து ஓடும் அளவு வேகத்தில் மிதக்க இது போதும். எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால், மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்வதே காரணம். ஆகவே எடை சற்றுக் கூடியதற்காகக் கலங்க வேண்டியதில்லை. அது எங்கே கூடியது என்பதுதான் கேள்வி. அதற்கு 5-ஆம் பிரிவில் வருவோம்.

4.2 ஸ்பார்

இறக்கையின் முதுகெலும்பு ஸ்பார். வரைபடத்தில் நான் அதிக நேரம் செலவிடும் இடமும் இதுவே. மேலும் கீழும் ஓடும் இரண்டு சட்டங்களில், இறக்கை மேல்நோக்கி வளையும்போது மேல்சட்டம் நசுங்கப் பார்க்கும், கீழ்ச்சட்டம் இழுபடும். இரண்டையும் ஒன்றையொன்று விட்டு நழுவாமல் பிடிப்பது இடையே ஒட்டும் மெல்லிய பால்சாப் பலகை, அதாவது வெப். அதன் இழையோட்டம் செங்குத்தாக இருக்க வேண்டும். படுக்கையாக வைத்தால் ஒட்டிய பிறகும் அது பெயரளவுக்குத்தான் இருக்கும். மிதக்கும்போது இறக்கை சுமப்பது விமானத்தின் எடையை மட்டும். வின்ச் இழுக்கும்போதோ அதைப் போலப் பல மடங்கு. மேலேற்றும்போது இறக்கை மடங்கிப்போன கிளைடர்களைப் பார்த்தால், பெரும்பாலும் வெப் இல்லாத இடத்திலோ நடு இணைப்பிலோதான் முறிவு இருக்கும். வரைபடத்தில் இறக்கையின் பாதி நீளத்துக்காவது வெப் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியே சேர்க்கலாம், சில கிராம்தான் கூடும். சேர்க்க இடமே இல்லாத அமைப்பு என்றால் அந்தக் கிட்டை வின்ச்சிடம் கொடுக்கக் கூடாது.

4.3 குறுக்குவெட்டு

ஜென்டில் லேடி போன்ற தட்டையான அடிப்பாகம் உள்ள இறக்கையை மேசையில் வரைபடத்தின் மேல் பரப்பி அப்படியே கட்டலாம். ரெனோவின் சஜிட்டா, எப்லர் 205-ஐப் பின்பற்றியது. வேகமாகவும் தொலைவாகவும் போகும். கிரேட் பிளேன்ஸ் ஸ்பிரிட்டில் மைக்கேல் செலிக் வகுத்த எஸ் 3010. அடிப்பக்கம் வளைந்த இறக்கைக்கு ரிப்புகளைத் தாங்கும் முட்டுகள் தேவை. அவற்றைச் சரியாக வைக்காவிட்டால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய எப்லரைவிட நேரான தட்டை இறக்கை எவ்வளவோ மேல்.

மெல்லிய குறுக்குவெட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. 200 மில்லிமீட்டர் அகல இறக்கையில் 12 விழுக்காட்டுத் தடிப்பு என்றால் 24 மில்லிமீட்டர். 9 விழுக்காடு என்றால் 18. அதே வளைவைத் தாங்க மெல்லியதன் சட்டங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விசையைச் சுமக்க வேண்டும். மார்க் டிரேலாவின் பபிள் டான்சர் போன்ற மெல்லிய இறக்கைகள் கார்பன் சட்டத்துக்குப் போனது இதனால்தான்.

5. மரம்

பால்சா எல்லாம் ஒன்றல்ல. 1.6 மில்லிமீட்டர் தடிப்பும் 75 மில்லிமீட்டர் அகலமும் 915 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பலகை, லேசான மரமாக இருந்தால் சுமார் 11 கிராம், கனத்த மரமாக இருந்தால் 22. பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பலகைகளைத் தராசில் வைப்பது. கனத்தது ஸ்பாருக்கும் மூக்குக்கும், லேசானது வாலுக்கும் இறக்கை நுனிக்கும். வால், ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கைப் போல் மூன்று மடங்கு தொலைவில் இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் ஈயம் சேர்த்தாக வேண்டும். வாலைப் பலகையில் முழுதாக வெட்டிய கிட்டைவிடக் குச்சிகளால் சட்டமாகக் கோத்த கிட் எனக்குப் பிடித்திருப்பது இதனால். ரிப்புகளுக்குச் சி-கிரெயின் எனப்படும் புள்ளியிட்ட இழையுள்ள விறைப்பான பலகை. முன்விளிம்பைச் சுற்றி வளைத்து ஒட்ட, எளிதில் வளையும் ஏ-கிரெயின். நல்ல கிட்காரர் இதைப் பிரித்தே அனுப்புவார்.

6. கிட் வரும் நிலை

பழைய பெட்டிகளில் பாகங்களை அச்சுத் தகட்டால் அழுத்தி வெட்டியிருப்பார்கள். தகடு மழுங்கிவிட்டால் மரம் வெட்டுப்படாமல் நசுங்கும். லேசர் வெட்டு இந்தக் குறையைத் தீர்த்தது. 2018 ஜனவரியில் தாய் நிறுவனமான ஹாபிகோ திவால் மனு கொடுத்தபோது கிரேட் பிளேன்ஸ் உள்ளிட்ட பல பழைய பெயர்கள் அதோடு ஆட்டம் கண்டன. அத்தகைய வடிவங்கள் இன்று சிறு பட்டறைகளின் ஷார்ட் கிட்டாக வருகின்றன: வரைபடமும் லேசரில் வெட்டிய ரிப்புகளும் பெட்டியில் இருக்கும், நீளக் குச்சிகளை நாமே வாங்க வேண்டும். இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். ஸ்பாருக்கான ஸ்ப்ரூஸை நாமே பார்த்துப் பொறுக்கலாம்.

7. போட்டிக் கிட்டுகள்

ஐரோப்பாவில் இப்போது மரக் கிளைடருக்கு உயிரூட்டியிருப்பது எஃப்3எல் பிரிவு. 2 மீட்டருக்கு மேற்படாத இறக்கை. ரடர், எலிவேட்டர், ஸ்பாய்லர் மட்டும். மேலேற்ற 15 மீட்டர் ரப்பரும் 100 மீட்டர் கயிறும். 9 நிமிட வேலை நேரத்துக்குள் 6 நிமிடப் பறப்பு. கார்பன் குழாயை ஸ்பாராகவும் வால் தண்டாகவும் வைக்கலாம். இவற்றின் எடை அரைக் கிலோ அளவில் நிற்பதால் அமைதியான மாலையில் வியக்கத்தக்க முறையில் மிதக்கும். ஆனால் மெல்லிய ரிப்பு கட்டைவிரல் அழுத்தத்துக்கே உடையும்; மண்ணில் முட்டி முட்டி இறங்கப் பழகுகிறவரின் கையில் ஒரு பருவம்கூட நிற்காது. ஒரு மரக் கிளைடரையாவது கட்டி முடித்து, அதைச் சேதமின்றி இறக்கப் பழகியவருக்கே இது.

எந்த வகையானாலும், பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் வரைபடத்தின் நடு இணைப்புப் பகுதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இறக்கையின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் என்ன பிளைவுட், எவ்வளவு நீளம், வெப் எங்கே முடிகிறது என்பவை அந்த ஒரு படத்தில் தெரியும். அனுப்பத் தயங்கினால் வேறு பட்டறையைப் பாருங்கள்.